ஊக்கைக் கழற்றாத அம்மா

தோழி மெர்லின், நீ இந்நேரம் தூங்கியிருப்பாய். எனக்குப் பயத்தில் தூக்கம் வரவில்லை.

எங்கள் வீட்டுப் பேசும் கட்டில்கள், நாங்கள் படுத்தவுடன் தண்டுவடத்தைக் காந்தத்தால் படம் பிடித்துவிடும். உடம்பில் இரும்பு இருந்தால் மட்டும் பிடிக்காது. அம்மாவின் தாலிச் சங்கிலியில் எப்போதும் ஓர் ஊக்கு தொங்கும். அதனால் தினமும் சண்டை.

"ஊக்கைக் கழட்டுங்கம்மா" என்று கட்டில் கெஞ்சும்.

"நீ என்ன எனக்கு மாமியாரா? பேசாம கெட."

நானும் அப்பாவும் சிரிப்போம். இன்று அப்பாவுக்கு நைட் ஷிப்ட். கட்டில் கேட்டும் அம்மா பதில் சொல்லவில்லை. எட்டிப் பார்த்தேன். ஊக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"கழட்ட வரலடி. கொஞ்ச நாளாவே வெரலெல்லாம் மரத்துக் கெடக்கு. அப்பாகிட்ட சொல்லிடாத."

நான்தான் கழற்றினேன். கட்டில் உறுமத் தொடங்கியது. கழுத்துப் பக்கம் வந்ததும் வெகுநேரம் பேசவே இல்லை.

"என்னடி, மாமியா வாயடைச்சுப் போயிட்டா?" என்றாள் அம்மா. என் கையை இறுக்கிப் பிடிக்கப் பார்த்தாள், பிடி நிற்கவில்லை.

"கழுத்துல தண்டுவடம் நசுங்கியிருக்கும்மா. நாளைக்கே டாக்டரைப் பாத்தா கையைக் காப்பாத்திடலாம். போவீங்களா?" என்றது கட்டில்.

அம்மா முதல் தடவையாக அதனிடம் பணிவாகப் பேசினாள்.

"சரிங்க அத்தை."