தென் அமெரிக்காவுக்கு எத்தனை இடம்?

"இருக்கிறதே பத்து அணி. அந்தத் தென் அமெரிக்காவுக்கு எதுக்கு மாப்பிள்ளை ஆறு இடம்? அநியாயமா இல்ல?"

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் உட்கார்ந்துகொண்டு கேட்கிற கேள்வியா இது?

பெற்றவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உள்ளே அவள் மகள். தலைப்பிரசவம். குழந்தையின் இதயத் துடிப்பு இறங்குகிறது, உடனே அறுவை செய்ய வேண்டும் என்று கதவைச் சாத்தியிருக்கிறார்கள். வெளியே அவள் வீட்டுக்காரர், சலூன் வைத்துப் பிழைக்கிற மனுஷன், கால்பந்து உலகக் கோப்பைக்கு எந்தக் கண்டத்திலிருந்து எத்தனை அணி போகலாம் என்று பஞ்சாயத்து பண்ணிக்கொண்டிருக்கிறார்.

மாப்பிள்ளையும் அதற்கு வரிந்து கட்டிக்கொண்டு பதில் சொன்னான்.

"இடத்தை மட்டும் பார்க்காதீங்க மாமா. அங்கே பத்துப் பேரும் ஒருத்தரோட ஒருத்தர் ரெண்டு தடவை மோதணும். ஒண்ணு சொந்த ஊர்ல, ஒண்ணு எதிராளி ஊர்ல. லேசுப்பட்ட ஆளே கிடையாது. அங்கே கடைசியில நிக்கிறவன் வேற கண்டத்துக்குப் போனா ராஜா மாதிரி ஆடுவான்."

"அப்ப ஐரோப்பா? அவனுக்குப் பதினாறாமே. பணக்காரன்னு அள்ளிக் குடுத்துட்டாங்களா?"

"ஐம்பது நாட்டுக்கு மேல இருக்கே! பிரிவு பிரிவாப் பிரிச்சு, முதல்ல வந்தவன்தான் நேரா உள்ளே. ரெண்டாவது வந்தா மறுபடியும் போராடணும். பெரிய பெரிய அணியெல்லாம் அதுல கவுந்து வீட்ல உட்கார்ந்திருக்கு."

எதிர் பெஞ்சில் ஒருத்தர் 'உச்' கொட்டினார். "இது ஆஸ்பத்திரி" என்று ஒரு நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் குனிந்து வீட்டுக்காரர் காதில் சொன்னாள். "என்னங்க, உள்ளே கிடக்கிறது நம்ம பொண்ணு. ஞாபகம் இருக்கா?"

"நீ சாமியைக் கும்பிடு. எங்களைப் பேச விடு."

கும்பிடத்தான் பார்த்தாள். 'ஆண்டவனே, என் பிள்ளையை...' என்று ஆரம்பித்தால் நடுவில் தீவுக்காரர்கள் வந்து விழுந்தார்கள்.

"அந்தப் பசிபிக் கடல் தீவுக்காரங்களுக்கு எதுக்கு ஒரு இடம்? எல்லாம் நோஞ்சான் அணி."

"அப்படிச் சொல்லாதீங்க மாமா. முன்னாடி அவங்களுக்கு நேர் இடமே கிடையாது. அவங்க பக்கத்துல முதல்ல வந்தாலும், இன்னொரு கண்டத்து அணியை ஜெயிச்சாத்தான் உள்ளே போக முடியும். உலகக் கோப்பைன்னா உலகம் முழுசும் வர வேண்டாமா?"

தியேட்டர் கதவு திறந்தது.

"பொண்ணோட வீட்டுக்காரர் யாருங்க? ரத்தம் ஏத்தணும். கவுண்டர்ல வந்து ஒரு கையெழுத்து போடுங்க."

மாப்பிள்ளை எழுந்து போனான். அவன் மறைந்ததும் அவள் அடக்கி வைத்ததெல்லாம் கொட்டியது.

"நெஞ்சுல ஈரம் இருக்கா உங்களுக்கு? ரத்தம் கேட்கிறாங்க. உங்களுக்குப் பந்து கேட்குதா?"

அவர் திரும்பினார். அப்போதுதான் பார்த்தாள், சட்டை முழுக்க வேர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

"மெதுவாப் பேசு. முதல்ல ஆபரேஷனுக்குக் கையெழுத்து வாங்கும்போது மாப்பிள்ளை பேனாவைக் கீழே போட்டார், பார்த்தியா? அவரைப் பெத்த அம்மாவும் இப்படி ஒரு கதவுக்குள்ளே பிரசவத்துக்குப் போனவங்கதான். திரும்பி வரலை."

சம்பந்தம் பேசும்போதே கேள்விப்பட்டதுதான். அவளுக்குத்தான் இன்றைக்கு நினைப்பு வரவில்லை.

"அதுக்கு இந்தப் பேச்சா?"

"கடையில பயந்த பிள்ளை வந்து உட்கார்ந்தா, அதுக்குத் தெரிஞ்ச விஷயம் ஒண்ணைத் தப்பாச் சொல்லுவேன். திருத்துற மும்முரத்துல கத்தியை மறந்துடும். முடி வெட்டுறவனுக்கு வேற என்ன வைத்தியம் தெரியும்? பந்தைப் பத்தி நான் என்னத்தைக் கண்டேன்! கடைக்கு வர்றவங்க போடுற சண்டையில காதுல விழுந்ததுதான். அதுவும்..." குரல் உடைந்தது. "அதுவும் தீர்ந்து போச்சு."

மாப்பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தான். முகத்தில் உயிரே இல்லை. அவள் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை.

அவள் பாதிப் பிரார்த்தனையை அப்படியே விட்டாள்.

"இப்படி வந்து உட்காருங்க மாப்பிள்ளை. ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர் விளையாடுவாங்க? ஏழா, எட்டா?"

அவன் விழித்தான். "பதினொண்ணு அத்தை."

"அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே பந்தா? பாவமே!"

அவனையும் மீறி உதடு நெளிந்தது. கோல் கீப்பரிலிருந்து ஆரம்பித்தான். ஆஃப்சைடு என்று என்னவோ சொன்னான். அவளுக்கு ஒரு எழவும் புரியவில்லை. "ம்... ம்... அப்புறம்?" என்று கொட்டிக்கொண்டே இருந்தாள்.

உள்ளேயிருந்து வீல் என்று ஓர் அழுகை.

மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கதவையே பார்த்தார்கள். நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

"பெண் குழந்தை. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

அவள் வீட்டுக்காரர் எழுந்திருக்கப் பார்த்தார். கால் நிற்கவில்லை. பெஞ்சிலேயே சாய்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். மாப்பிள்ளை சட்டென்று அவர் தோளைப் பிடித்துக்கொண்டான்.

அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. "மாப்பிள்ளை, நீங்க பயந்துடக் கூடாதுன்னுதான் மாமா இவ்வளவு நேரம் ஏதேதோ பேசிக்கிட்டு..."

"தெரியும் அத்தை." அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். "உள்ளே போகும்போது உங்க பொண்ணு என் கையைப் பிடிச்சுச் சொல்லிட்டுத்தான் போனா. 'அப்பா பயந்துட்டா தெரியாத விஷயமா எடுத்துப் பேச ஆரம்பிப்பார். விடாம திருத்திக்கிட்டே இருங்க. நீங்க நிறுத்தினா, அவர் விழுந்துடுவார்.'"