ரப்பர் அட்டை

“என்னடா இது?”

“அட்டை.”

“இதுவா? ரப்பர்டா இது!”

“ரப்பர் அட்டை,” என்றான் டெல்மர், முகத்தை ஏரிப் பக்கம் திருப்பிக்கொண்டு.

அவன் கூட்டாளி ஐவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முப்பத்தொரு வருஷமாக, மே மாதம் மீன்பிடி சீசன் தொடங்கிவிட்டால் சனிக்கிழமைதோறும் இரண்டு பேரும் சேர்ந்துதான் வாலாய் மீன் பிடிக்கிறார்கள். படகும் இரையும் டெல்மர் பொறுப்பு. காபியும் ரொட்டியும் ஐவர் பொறுப்பு. இரை என்றால் உயிருள்ள அட்டைப்பூச்சி, தூண்டில் முள்ளில் கிடந்து நெளிய வேண்டும். ரப்பர் போடுகிறவனெல்லாம் மினியாபோலிஸ் பட்டணத்திலிருந்து புதுப் படகோடு வருகிற ஆள் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவனே இந்த டெல்மர்தான்.

“கடையில அட்டை கிடைக்கலையா?”

“கிடைச்சுது. எனக்குத்தான் பிடிக்கலை. வழவழன்னு விரல்ல ஒட்டிக்கிட்டு... சீ!”

“முப்பத்தொரு வருஷம் கழிச்சு இன்னிக்குத்தான் உனக்குச் சீயா?”

“வயசாயிடுச்சுடா. பேசாம ஏறு.”

இரண்டு தூண்டில் கம்பிலும் ரப்பரை வீட்டிலேயே கோத்து எடுத்து வந்திருந்தான். ஐவர் திட்டிக்கொண்டேதான் ஏறினான். ஆனால் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். கம்பைப் பார்த்ததும் அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

குளிர்காலத்திலிருந்தே அவன் கை நடுங்குகிறது. டாக்டரைத் தவிர யாருக்கும் தெரியாது. மே மாதம் சீசன் தொடங்கிய அன்று ஒரே ஓர் அட்டையைக் கோக்கக் கால் மணி நேரம் ஆனது. மூன்று தண்ணீரில் விழுந்தன. “என்ன குளிருடா!” என்று சமாளித்தான். அடுத்த சனிக்கிழமை காய்ச்சல் என்று படுத்துக்கொண்டான். இப்போது ஜூன் வந்துவிட்டது; இனிக் குளிர் என்று சொன்னால் நாய்கூட நம்பாது.

கோத்துக் கொடு என்று கேட்கவும் முடியாது. அந்தப் படகில் ஒரு சட்டம் உண்டு. அவனவன் முள்ளில் அவனவன்தான் இரை கோக்க வேண்டும். முடியாதவன் கரையில் உட்கார வேண்டியதுதான். முன்பெல்லாம் மூன்று பேராகப் போவார்கள். ரோலண்டுக்குக் கண் மங்கியதும், “இனிமே நீ கரையிலயே காபி குடி” என்று சிரித்துக்கொண்டே இறக்கிவிட்டார்கள். அதைச் சொன்ன வாய் ஐவருடையது.

காலை நன்றாகவே போனது. ரப்பரையும் மீன் கடித்தது. ஒரு மீனை எடுத்த பிறகும் ரப்பர் அப்படியே முள்ளில் இருந்தது. திரும்பப் போட்டால் போதும்.

“ஞாபகம் இருக்கா?” என்றான் டெல்மர். “அந்த ஓட்டை மரப்படகு. நீ வாயில சிகரெட்டை வச்சுக்கிட்டு, பார்க்காமலே அட்டையைக் கோப்ப. ரோலண்ட் பாடுவான்.”

“கேவலமா பாடுவான்.”

“அந்தப் பாட்டைத் தாங்க முடியாமத்தான் மீனெல்லாம் வந்து மாட்டுச்சு.”

இரண்டு பேரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். ரோலண்ட் உட்காருகிற பலகையில் காபி பிளாஸ்க் உட்கார்ந்திருந்தது.

மத்தியானம் டெல்மர் வீட்டு முற்றத்தில் மீன் பொரித்தார்கள். பிஸ்கெட் தூளில் புரட்டிய துண்டுகள் எண்ணெயில் சீறின. அக்கம்பக்கத்து ஆட்கள் பீர் பாட்டிலோடு வந்துவிட்டார்கள். ஐவர் கைகளைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான். கையை எவனும் பார்க்காமல் இருக்க வேண்டுமானால் வாய் ஓயக்கூடாது.

“விஷயம் தெரியுமா? நம்ம டெல்மர் இப்ப பொம்மை வச்சுத்தான் மீன் பிடிக்கிறான். அட்டையைப் பார்த்தா பயமாம்!”

“நிஜமாவா?” என்றான் பக்கத்து வீட்டு கிளேட்டன். “நோரீன்! ராத்திரி விளக்கை அணைச்சுடாதேம்மா, உன் புருஷன் பயந்துடப் போறான்!”

முற்றமே சிரித்தது. டெல்மருக்குக் காது சிவந்துவிட்டது. குனிந்து மீனைத் திருப்பிப் போட்டான்.

“ஆமாப்பா, பயம்தான். இப்ப என்னங்கறே?”

ஐவருக்கு அந்தச் சிரிப்பு இனித்தது. வெட்கமே இல்லாமல் இனித்தது. இன்னும் நாலு வார்த்தை சேர்த்துவிட்டான்.

உள்ளேயிருந்து நோரீன் கூப்பிட்டாள். “ஐவர், கொஞ்சம் வாங்களேன். பிரிட்ஜ்ல வெண்ணெய் இருக்கும், எடுத்துத் தாங்க. என் கையெல்லாம் வெங்காயம்.”

உள்ளே போய் பிரிட்ஜ் கதவைத் திறந்தான். வெண்ணெய்க்குப் பக்கத்தில் ஒரு வட்ட டப்பா. அதை எடுத்து மூடியைத் தூக்கினான். கறுப்பாக, உயிரோடு, ஐம்பது அறுபது அட்டைகள் நெளிந்தன.

“இது யாருது?”

“வேற யாருது, அவருதுதான். முதல்ல மூடுங்க, வெளியே வந்துடப் போகுது. தினம் சாயங்காலம் தனியா மீன் பிடிக்கப் போறப்ப அதைத்தானே எடுத்துட்டுப் போறாரு.”

“அட்டை பிடிக்கலைன்னு சொன்னானே?”

அவன் கையில் மூடி கடகடவென்று ஆடியது. நோரீன் அதைப் பார்த்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, டப்பாவை அவனிடமிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

“அவருக்கா பிடிக்காது? ரப்பரெல்லாம் சனிக்கிழமைக்கு மட்டும்தான், ஐவர்.”