ஊன்றிய கால்

மலையடிவார மிஷன் ஆஸ்பத்திரியில் பல வருடங்கள் அறுவைச் சிகிச்சை செய்த டாக்டர் ஹெப்சிபா இப்போது அங்கேயே நோயாளி. மூட்டு மாற்றிய காலை முதன்முறையாக ஊன்றி, வாக்கரைப் பிடித்தபடி அறையின் நடுவே நின்றிருந்தார். நர்ஸ் வீல்சேர் எடுத்துவர வெளியே போயிருந்தாள்.

அப்போது கட்டைக்கால் தரையில் தட்ட, நஞ்சன் உள்ளே வந்தான். பாம்பு கடித்து அழுகிப்போன அவன் காலை எடுத்தவர் அவர்தான். "செத்தாலும் பரவால்லீங்க, காலை மட்டும் எடுக்காதீங்க" என்று அவன் அன்று கெஞ்சினான். அவன் மயங்கியபின், மனைவியிடம் சம்மதம் வாங்கி எடுத்துவிட்டார். பிறகு அவன் இந்தப் பக்கம் வந்ததே இல்லை.

"நடக்க வருதுங்களா டாக்டரம்மா?"

"பயமா இருக்கு நஞ்சா."

"எனக்கும் அப்படித்தானுங்க இருந்துச்சு."

அவன் வாக்கரை அவர் பிடியிலிருந்து மெல்ல விடுவித்துச் சுவரோரம் தள்ளி வைத்தான்.

"என் கையைப் புடிச்சு நடங்க."

அவன் முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. நர்ஸ் போன வாசலைப் பார்த்தார், யாரும் வரவில்லை. புது மூட்டு நடுங்கத் தொடங்கியது. இனி நிற்க முடியாது என்றானதும், அவன் நீட்டிய உள்ளங்கையில் தன் கையை வைத்தார்.

அவன் விரல்கள் இன்னும் மூடவில்லை.