கூடைக்கு நேர் கீழே ஒரு மேசை
பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து அரங்கம் இன்று தேர்வுக்கூடம். பலகைத் தரை கீறிவிடக் கூடாதென்று பயிற்சியாளர் மேசைக் கால்களுக்கெல்லாம் பழைய டென்னிஸ் பந்துகளை மாட்டியிருக்கிறார். தேர்வெழுத வந்தவர்களின் செருப்புகளை வாசலிலேயே கழற்ற வைத்திருக்கிறார். கண்காணிப்பு வேலைக்கென்று தோல் ஷூ போட்டு வந்த அவரும் சுவரோர விரிப்பை விட்டு இறங்காமல் நிற்கிறார். கூடைக்கு நேர் கீழே அவருடைய அணித் தலைவி உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு முறை கோட்டைவிட்ட கணக்கில் இன்றும் தேறாவிட்டால் அவளுக்கு அணியில் இடமில்லை. ஸ்கோர்போர்டில் இன்னும் இருபது நிமிடம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆட்டம் முழுக்கத் தொண்டை கிழியக் கத்துகிறவர், வாயைத் திறக்க வழியில்லாமல் அவள் பேனாவையே பார்க்கிறார். பேனா நிற்கிறது. அவர் விரிப்பின் விளிம்பு வரை வந்துவிடுகிறார். அவள் கையைத் தூக்குகிறாள். “சார், இன்னொரு பேப்பர் வேணும்.” தாள்கட்டை அப்படியே அள்ளிக்கொண்டு, பளபளக்கும் தரைக்குக் குறுக்கே அவர் ஷூக்காலோடு ஓடுகிறார்.