ஆளுக்கொரு கரப்பான்பூச்சி

செய்முறைத் தேர்வுக்கு முந்திய பயிற்சிக்கு ஆளுக்கொரு கரப்பான்பூச்சி கொண்டுவரச் சொல்லியிருந்தார் விலங்கியல் டீச்சர். சுகிர்தா ஊறுகாய் பாட்டில் நிறையக் கொண்டுபோனாள். அடுப்புக்குப் பின்னாலும் அரிசி டின்னுக்கு அடியிலும் கைவிட்டுப் பிடித்துக் கொடுத்தது அம்மாதான். ஏறி வந்துவிடாதபடி பாட்டிலின் கழுத்துக்குள் தேங்காய் எண்ணெய் தடவி, "கொண்டு வராத பிள்ளைங்களுக்கும் குடும்மா" என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

வகுப்பு முழுக்கக் கொண்டுவராத பிள்ளைகள்தான். "தேடிப் பாத்தோம் டீச்சர், எங்க வீட்ல ஒண்ணுகூட இல்ல" என்று ஒவ்வொருத்தியும் சொல்லச் சொல்ல, சுகிர்தா பாட்டிலைத் தாவணிக்குள் இழுத்துக்கொண்டாள். டீச்சர் பார்த்துவிட்டார். "அடேயப்பா, எல்லாம் ஒரே வீட்லயா?" அதில் கேலி இல்லை, சந்தோஷம்தான். ஆனாலும் பெஞ்சு பெஞ்சாகச் சிரிப்பு ஓடியது. மைதிலி மட்டும் சிரிக்கவில்லை. போன வாரம் சுகிர்தா வீட்டில் தோசை சாப்பிட்டவள் அவள்.

மருந்துப் பஞ்சு போட்டு மயக்கி, அறுத்துப் பார்க்க மெழுகுத் தட்டுகளில் கிடத்தியபோது, மயக்கம் தெளிந்த ஒன்று மேஜையிலிருந்து குதித்து ஓடியது. அத்தனை பேரும் வீறிட்டபடி ஸ்டூல் மேல் ஏறினார்கள். சுகிர்தா ஏறவில்லை. வீட்டுப் பழக்கத்தில் சட்டென்று குனிந்து வெறுங்கையால் அமுக்கிப் பிடித்துவிட்டாள். சத்தம் அடங்கி, அறையே அவளைப் பார்த்தது. விரலிடுக்கில் மீசை துழாவிக்கொண்டிருந்தது. தானும் பயந்திருக்க வேண்டும் என்று அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது. பிடித்த பிடியை விடாமலே, சுகிர்தா ஒரு கத்துக் கத்தினாள்.