முன் சீட்டு

"அவளுக்கு மட்டும் முன் சீட்டா?"

அன்றைக்குப் பற்றிக்கொண்ட வயிற்றெரிச்சல்தான். இருபது நாளாகியும் குப்பம்மாவுக்கு அடங்கவில்லை.

ஓரகத்தி தமிழரசிக்குத் திருப்பத்தூரில் ஈறு ஆபரேஷன். நெல்லிவாசலிலிருந்து கிளம்பும் ஷேர் ஜீப்பில் பின்னால் பதினைந்து பேர் பிதுங்க, மாமியார் மங்கம்மாள் சின்ன மருமகளை மட்டும் டிரைவர் பக்கத்தில் மகாராணி மாதிரி உட்கார வைத்துக் கூட்டிப்போனாள்.

திரும்பி வந்ததும் ராஜ உபசாரம். சாமைக் கஞ்சியை மாமியாரே காய்ச்சி, மாமியாரே ஆற்றி, மாமியாரே டம்ளரில் நீட்டினாள்.

"மெதுவா குடி கண்ணு. தையல் போட்ட எடம்."

கண்ணாம், கண்ணு! பதினோரு வருஷத்தில் குப்பம்மாவுக்கு அந்த வார்த்தை ஒருநாளும் கிடைத்ததில்லை.

புளி உடைக்கும் காலம் வேறு. வாசலில் குவிந்திருந்த புளியை ஓடு தட்டி, கொட்டை எடுத்து, அவள் விரலெல்லாம் வெந்துபோயிருந்தது.

"அத்தே, அவளும் ரெண்டு கூடை உடைச்சா இன்னா? ஆபரேஷன் வாயிலதானே, கையிலயா?"

"ரத்தம் சிந்தின ஒடம்புடி. சும்மா இரு."

ரத்தமாமே! பல் விளக்கும்போதெல்லாம் குப்பம்மாவும் ரத்தம்தான் துப்புகிறாள், மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால், யாருக்கும் தெரியாமல். மேல் வரிசையில் இரண்டு பல் ஆடுகிறது.

ஊருக்கு வந்த பல் முகாமில் டாக்டரம்மா இருவருக்கும் ஒன்றைத்தான் சொன்னார்.

"எலும்பு வரைக்கும் அரிச்சிருக்கும்மா. ஈறைத் திறந்து சுத்தம் பண்ணித் தையல் போடணும். விட்டா ஒவ்வொரு பல்லா விழுந்துடும்."

தமிழரசி சரி என்றாள். குப்பம்மாவுக்குக் கத்தி என்றாலே நடுக்கம். கணவன் அர்ச்சுனன் கெஞ்சிக் கூத்தாடி ஜீப்பில் ஏற்றினான். முதல் வளைவில் வண்டி வேகம் குறைந்ததும் குதித்து இறங்கி, நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டாள். மாமியாரே அவள் காலில் விழாத குறையாகக் கேட்டுப் பார்த்தாள்.

"செத்தாலும் வாயில கத்தி வெக்க வுட மாட்டேன்!"

அதற்குப் பிறகு வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அதுவும் குப்பம்மாவை உறுத்தியது. அவள் பல் போனால் இவர்களுக்கு என்ன!

பத்தாம் நாள் மாமியார் தமிழரசியைக் கூட்டிப்போய்த் தையல் பிரித்துவிட்டு வந்தாள். குப்பம்மா அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள், "இன்னும் கொஞ்ச நாளைக்குக் கஞ்சிதான்" என்றாள் மாமியார்.

இருபதாம் நாள் காலை, வீட்டில் இருந்த ஒரே ஒரு பாட்டில் மலைத்தேனை எடுத்து அந்தக் கஞ்சியில் ஊற்றினாள்.

குப்பம்மா புளிக்கூடையை எட்டி உதைத்தாள்.

"போதும் அத்தே! அவ மட்டும்தான் உனக்கு மருமவளா? நானும் பண்ணிக்கிறேன் ஆபரேஷன். எனக்கும் முன் சீட்டு வேணும், தேன் வேணும், இருவது நாளு நீ கஞ்சி ஆத்திக் குடுக்கணும். இவ ஒக்காந்து புளி உடைக்கட்டும்!"

"எப்போ?"

"இன்னிக்கே. இப்பவே!"

மங்கம்மாள் விறுவிறுவென்று உள்ளே போனாள். புடவை மாற்றிக்கொண்டு வந்துவிட்டாள்.

ஜீப் புறப்பட்டது. முன் சீட்டில் குப்பம்மா, ஒட்டிக்கொண்டு மாமியார். பக்கக் கண்ணாடியில் வீட்டு வாசல் தெரிந்தது. இவ்வளவு நேரம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற தமிழரசி, புளிக்கூடையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். மடியிலிருந்து ஒரு முறுக்கை எடுத்து நறுக்கென்று கடித்தாள்.

"அத்தே! அங்க பாரு, முறுக்கு துன்றா!"

மங்கம்மாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"துன்னட்டும், பாவம். எல்லாம் சாப்பிடலாம்னு தையல் பிரிச்ச அன்னிக்கே டாக்டரம்மா சொல்லிட்டாங்க. 'அக்கா ஜீப்புல ஏறுற வரைக்கும் நான் கஞ்சியே குடிக்கிறேன் அத்தே'ன்னு சொன்னவ அவதான்."

முதல் வளைவு வந்தது. டிரைவர் நவீன்குமார் வேகத்தைக் குறைத்துவிட்டு ஓரக்கண்ணால் பார்த்தான்.

"இறங்கறியாக்கா?"

"நீ ரோட்டப் பார்த்து ஓட்டு" என்றாள் குப்பம்மா, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு.