ஹார்மோன் வேண்டாம்!

"ஹார்மோனும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். வெறும் வைட்டமின் எழுதிக் குடுங்க, போதும்."

நாற்காலியில் உட்காரும் முன்பே கணவர் தீர்ப்பைச் சொல்லிவிட்டார். மனைவி அப்போதுதான் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மா கண்ணாடியை இறக்கிவிட்டு அவரைப் பார்த்தார். இப்படிப்பட்ட கணவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துப் போனவர் அவர்.

"பேஷண்ட் நீங்களா, அவங்களா?"

"அவதான். வெளியூர்ல இருக்கிற பொண்ணு போன்லயே டோக்கன் போட்டுட்டா. மாதவிலக்கு நின்னதுல இருந்து அம்மாவுக்குக் குப்பு குப்புனு வேர்க்குது, ராத்திரி தூக்கம் இல்ல, ஹார்மோன் மாத்திரை வாங்கிக் குடுங்கப்பான்னு ஒரே பிடிவாதம்."

"நல்ல பொண்ணு. உங்களுக்கு என்ன தடை?"

"அது... எங்க வீட்ல யாரும் போட்டதில்ல."

"அது ஒரு காரணமா?"

"மீசை முளைக்கும்னு சொல்றாங்க."

"யார் சொல்றாங்க?"

"ஆபீஸ்ல."

"ஆபீஸ்ல பக்கத்து சீட்டுக்காரரா? அவருக்கு மாதவிலக்கு நின்னு எத்தனை வருஷமாச்சு?"

கணவரின் தலை வேண்டாம் வேண்டாம் என்று ஆடிக்கொண்டே இருந்தது.

"வேர்த்துக் கொட்டறது அவங்களுக்கு. வேண்டாம்னு சொல்றது நீங்க. கொஞ்சம் வெளிய உக்காருங்க சார்."

எழுந்து போனார். கதவருகே நின்று, "மாத்திரை மட்டும்..." என்று ஆரம்பித்தார். டாக்டரம்மா பார்த்த பார்வையில் மிச்சத்தை விழுங்கிக்கொண்டு வெளியேறினார்.

"இப்ப தைரியமாச் சொல்லுங்கம்மா. ஒரு நாளைக்கு எத்தனை தடவை வருது?"

மனைவி மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தாள். "வரும் டாக்டர்... அப்பப்ப."

"சரி. இந்த சிகிச்சைல நல்லதும் இருக்கு, ஆபத்தும் இருக்கு. வேர்வை அடங்கும், தூக்கம் வரும், எலும்புக்கும் நல்லது. இன்னொரு பக்கம், சிலருக்கு ரத்தம் உறையலாம். சில மருந்துல மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு கொஞ்சம் கூடலாம். அது ஆளைப் பொறுத்தது. குடும்பத்துல யாருக்காவது புற்றுநோய் வந்திருக்கா?"

"எங்க அக்காவுக்கு. மார்புலதான்."

டாக்டரம்மாவின் பேனா நின்றது.

"அப்ப ரொம்ப யோசிக்கணும். ஹார்மோன் இல்லாத மருந்தும் இருக்கு. எதுவா இருந்தாலும் உங்க அவஸ்தை ஒரு தட்டு, ஆபத்து இன்னொரு தட்டு. நீங்க மறைக்காம சொன்னாத்தான் நான் நிறுத்துப் பார்க்க முடியும். ராத்திரி தூக்கம் எப்படி?"

கதவு லேசாகத் திறந்தது. கணவரின் தலை எட்டிப் பார்த்தது. "எழுதிட்டீங்களா டாக்டர்?"

"சார்!"

தலை மறைந்தது. என்ன ஜென்மமோ என்று டாக்டரம்மா வாய்க்குள் முணுமுணுத்தார்.

மனைவி எழுந்து போய்க் கதவை அழுத்திச் சாத்தினாள். திரும்பி வந்து நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கறேன் டாக்டர்."

"என்னது?"

"வேர்வை எல்லாம் நின்னு ஆறு மாசமாச்சு. அவர்கிட்ட சொல்லல."

"ஏன்?"

"இத்தனை வருஷத்துல அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்க்காத மனுஷன். நான் வேர்த்துப் போய் உக்கார்ந்ததைப் பார்த்து மிரண்டு போய், காபி போட ஆரம்பிச்சாரு. வெந்நீர்ல லேசா காபி வாசனை வரும், அவ்வளவுதான். ஆனா படுக்கைக்கே வருது டாக்டர்! பாத்திரம் கழுவறாரு. துணி மடிக்கறாரு. சரியாயிடுச்சுன்னு சொன்னா மறுநாளே பேப்பரும் கையுமா சோபாவுல சாஞ்சுடுவாரு."

"அதுக்காக, வேண்டாத மாத்திரைய முழுங்குவீங்களா?"

"முழுங்கிடலாம்னுதான் வந்தேன்." அவள் முகம் சிவந்தது. "நீங்க அக்காவை ஞாபகப்படுத்தினதும் பயமாயிடுச்சு."

டாக்டரம்மா சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டு மணியை அடித்தார். கணவர் ஓடி வந்தார்.

"மாத்திரை வேண்டாம். நீங்க சொன்னதுக்காக இல்ல, நான் பார்த்துட்டுச் சொல்றேன். வீட்ல இப்ப நீங்க செய்யற ஒத்தாசை அப்படியே தொடரட்டும்."

"சரிங்க டாக்டர்."

மனைவி கண்ணாலேயே நன்றி சொல்லிவிட்டு முதலில் வெளியேறினாள். கணவர் போகவில்லை. கதவைச் சாத்திவிட்டு "அப்பாடா!" என்று நாற்காலியில் சரிந்தார்.

"உயிரே போயிடுச்சு டாக்டர், எங்க எழுதிக் குடுத்துடுவீங்களோன்னு."

"இன்னும் மீசைக் கவலையா?"

"மீசை கெடக்கட்டும். அவ அக்கா பட்ட பாட்டைப் பக்கத்துல இருந்து பார்த்தவன் நான். இவளுக்கு இப்ப வேர்வையே இல்ல டாக்டர். மாசக்கணக்காச்சு. ராத்திரி என் போர்வையையும் சேர்த்து இழுத்துப் போர்த்திட்டுத் தூங்கறா. நடிக்கறான்னு உங்க முன்னால எப்படிச் சொல்றது? கூனிக் குறுகிப் போயிட மாட்டாளா? அதான் வாய்க்கு வந்ததை உளறினேன்."

விரட்டியடித்ததை நினைத்து டாக்டரம்மாவுக்கு என்னவோ போலிருந்தது.

"தெரிஞ்சேவா தினமும் காபி போடறீங்க?"

கணவர் கதவை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"கல்யாணமான புதுசுல எனக்கு முதுகு பிடிச்சுக்கிச்சு டாக்டர். ஒரே வாரத்துல சரியாயிடுச்சு, நான் சொல்லல. அன்னிலேர்ந்து இன்னிவரைக்கும் கனமான ஒரு பையைக்கூட அவ என்னைத் தூக்க விட்டதில்ல. அவளுக்குத் தெரியாமலா இருக்கும்?"